வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கடன்: பாலக்காடு – கோவை எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கஞ்சிக்கோட்டில் கம்பெனிகளும் ஐ.ஐ.டி.யும், எட்டிமடையில் கல்லூரியும் இருப்பதால் குடிவர ஆளுக்குக் குறைவில்லை. கடன் என்று வந்ததும் எல்லோரும் கேட்பவை ஏறக்குறைய இந்தக் கேள்விகள்தான். கேட்ட வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம்.

1. வாடகைக்கு விடப்போற வீட்டுக்கு பேங்க்ல லோன் தருவாங்களாங்க? சொந்தமா குடியிருக்கணும்னு சொல்றாங்களே?

தருவார்கள். முதல் வீடானாலும் இரண்டாவது வீடானாலும் சாதாரண வீட்டுக் கடன்தான். விண்ணப்பத்தில் "வாடகைக்கு விடுவதற்கு" என்றே எழுதுங்கள். குடியிருக்கப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு விட்டால், வங்கியின் சம்மதமின்றி விடக்கூடாது என்று அடமான ஒப்பந்தத்தில் இருக்கும் வரி பின்னால் உங்களுக்கு எதிராக நிற்கும்.

மூன்றாவது வீட்டிலிருந்து கதை மாறும். ஒரே ஆளின் மூன்றாவது குடியிருப்பு முதல் அந்தக் கடனை வணிகக் கட்டடக் கடன் வகையில் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இலேயே சொல்லிவிட்டது. வங்கி அதற்கு அதிக மூலதனம் ஒதுக்க வேண்டியிருப்பதால் வட்டியும் கூடும், சில கிளைகள் கையையே விரித்துவிடும்.

2. கையில எவ்வளவு இருக்கணும்? முழுசும் பேங்கே கொடுக்காதா?

கொடுக்காது. ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு: கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது மேல் எல்லை மட்டுமே. வாடகை வீடு என்றால் பல வங்கிகள் தாங்களாகவே 75, 80 என்று நிறுத்திக்கொள்ளும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது, அதை முழுக்க நீங்கள்தான் போட வேண்டும்.

கஞ்சிக்கோட்டில் 40 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். கடன் 32 லட்சம், உங்கள் பங்கு 8 லட்சம். கேரளத்தில் முத்திரை 8 சதவீதம், பதிவு 2 சதவீதம், ஆக 4 லட்சம். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 3.60 லட்சம். இதன் மேல் வக்கீல், மதிப்பீட்டாளர், ப்ராசசிங் கட்டணம், புரோக்கர் கமிஷன். கையில் 13 லட்சம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

3. வர்ற வாடகையே மாசத் தவணையைக் கட்டிடும்னு புரோக்கர் சொல்றாரே?

கட்டாது. 8.5 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 15 ஆண்டுக்கு 985 ரூபாய், 20 ஆண்டுக்கு 868, 30 ஆண்டுக்கு 769. மேலே சொன்ன 32 லட்சத்துக்கு 20 ஆண்டில் மாதம் 27,770 ரூபாய் ஆகிறது. அந்த வீட்டுக்கு 12,000 வாடகை வந்தால், ஆண்டுக்கு 1.44 லட்சம், அதாவது வீட்டு விலையில் 3.6 சதவீதம். 8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 3.6 சதவீதம் சம்பாதிக்கிற கணக்கு இது. மாதம் 15,770 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 12,000 வாடகையில் வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,000 கழித்தால் 11,000. அது தாங்கும் கடன் 12.7 லட்சம்தான். மீதிக் கடன் முழுவதும் வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவது. நம்பலாம், தப்பில்லை. ஆனால் அது வாடகை வருமானம் அல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும்.

4. சம்பளத்துல எவ்வளவு வரைக்கும் தவணையாப் போக விடுவாங்க? வாடகையையும் வருமானத்துல சேர்ப்பாங்களா?

கைக்கு வரும் வருமானத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. கார், நகைக் கடன், கிரெடிட் கார்டு தவணை எல்லாம் இதில் சேரும். கோவைப் பக்கம் சீட்டு, பாலக்காட்டில் குறி, கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யின் சிட்டி என்று கட்டுகிற மாதத் தொகை, கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் தெரியாமல் போகலாம். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டில் கட்டாயம் தெரியும், அதிகாரி கேட்பார்.

ஏற்கெனவே வாடகை வருகிற வீடு இருந்தால் அந்த வாடகையில் பாதி முதல் 70 சதவீதம் வரை சேர்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் இருக்க வேண்டும், வாடகை வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும், வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கிய வாடகைக்கு வங்கியில் மதிப்பில்லை. இனிமேல் வாங்கப்போகும் வீட்டுக்கு "இவ்வளவு வாடகை வரும்" என்ற பேச்சைப் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

5. வீடு சித்தூர் தாலுக்காவுல, எனக்கு வேலை கோயம்புத்தூர்ல. எந்தக் கிளையில கேக்கறது?

வீடு இருக்கும் பக்கத்துக் கிளையில் கேளுங்கள். சம்பளக் கணக்கு கோவையில் இருப்பது தடையில்லை. ஆவணங்களைப் பார்க்கும் வக்கீல் வங்கியின் பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டும், மலையாள ஆதாரமும் (பத்திரம்) வில்லேஜ் ஆபீஸ் நடைமுறையும் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். கோவைக் கிளைக்கு அப்படி ஆள் இல்லாவிட்டால் கோப்பு பாலக்காட்டுக்குப் போய்த் திரும்பிவரும், மூன்று வாரம் வீணாகும். சொந்தக் கிளைதான் வேண்டும் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே "பாலக்காடு மாவட்டத்துக்குப் பேனல் வக்கீலும் இன்ஜினியரும் இருக்கிறார்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

6. கேரளாவுல பட்டா எங்கேன்னு கேட்டா கரம் ரசீதைக் காட்டறாங்க. அது போதுமா?

கரம் என்றால் நிலவரி, அந்த ரசீது மட்டும் போதாது. ஆனால் அது இல்லாமலும் நடக்காது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று பழகியவருக்கு அங்கே பெயரும் முறையும் வேறு. பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர், முந்தைய பத்திரங்கள் முன்னாதாரம். வாங்கியபின் வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றுவது போக்குவரவு. அது முடிந்தால்தான் உங்கள் பெயரில் தண்டப்பேர் எண் விழும், அந்த எண்ணில்தான் கரம் கட்ட முடியும். எனவே நடப்பு ஆண்டுக் கரம் ரசீது விற்பவர் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் போக்குவரவு நடக்கவில்லை என்று பொருள். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல் அந்த இடம் நகராது.

வங்கி கேட்கும் மற்றவை: வில்லேஜ் ஆபீஸ் தரும் கைவசச் சான்று, லொகேஷன் ஸ்கெட்ச், 30 ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பஞ்சாயத்து அல்லது நகரசபை தரும் கட்டட உடைமைச் சான்று, பெர்மிட், அங்கீகரித்த பிளான், நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரருக்குக் கிடைத்த இடம் என்றால் லேண்ட் டிரிப்யூனல் தந்த பட்டயம் மூல ஆவணமாகக் கேட்கப்படும்.

வீட்டு எண்ணுக்கு முன்னால் யு.ஏ. என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடத்துக்கு வரி வசூலிப்பதற்காக மட்டும் தரும் எண் அது. வங்கி அதை ஏற்காது.

7. ஆதாரத்துல "நிலம்"னு இருக்கு. ஆனா வீடு கட்டிப் பத்து வருஷம் ஆச்சு, கரண்டு, வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு. லோன் வருமா?

எல்லைப் பக்கம் கடன் நின்றுபோவதற்கு முதல் காரணமே இதுதான். கேரள வருவாய்ப் பதிவில் "நிலம்" என்றால் நெல்வயல், "புரையிடம்" என்றால் வீட்டு மனை. 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்டு டேட்டா பேங்க் வைத்திருக்கிறார்கள். வீடு எழும்பி, கரண்டு வந்து, நம்பர் விழுந்தாலும் அடிப்படை வரிப் பதிவேட்டில் "நிலம்" என்று இருக்கும்வரை வங்கி வக்கீல் ஒப்புதல் எழுத மாட்டார்.

இரண்டு நிலைமை உண்டு. உண்மையில் வயல் அல்லாத இடம் தவறாக டேட்டா பேங்கில் ஏறியிருந்தால், நீக்கச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) ஃபாரம் 5. டேட்டா பேங்கில் இல்லை, ஆனால் பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால், 50 சென்ட் வரை ஃபாரம் 6. 2017 டிசம்பர் 30ஆம் தேதி தனி இடமாக இருந்த 25 சென்டுக்கு உட்பட்டதற்குக் கட்டண விலக்கு உண்டு. உத்தரவு வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக விட்டுவிடாதீர்கள். வில்லேஜ் ஆபீசில் பதிவேட்டைத் திருத்தி, புதிய வகைப்படி கரம் கட்டி ரசீது வாங்கினால்தான் வங்கிக்குப் போதும்.

விற்பவர் "அப்ளிகேஷன் போட்டாச்சு, வந்துடும்" என்றால், உத்தரவு வந்த பிறகு கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அட்வான்ஸைச் சின்னதாக வையுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும்.

8. தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கினா இந்தத் தொல்லை இல்லை, இல்லீங்களா?

வேறு தொல்லை இருக்கிறது. மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் இருக்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் உள்ள பழைய மனைகளை வங்கி தொடாது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனையானால் வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கேளுங்கள். மலையடிவார ஊர்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் தேவைப்படலாம், மதுக்கரை, பேரூர் பக்கம் மனை பார்ப்பவர்கள் இதைத் தனியாக விசாரிக்க வேண்டும். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் உட்பிரிவு.

9. பத்திரத்துல குறைச்சுப் போட்டுக்கலாம், மீதியைக் கையில கொடுங்கங்கறாங்க. செலவு மிச்சம்தானே?

கடன் வாங்குபவருக்கு மிச்சமில்லை. வங்கி, ஒப்பந்த விலை, தன் மதிப்பீட்டாளர் சொன்ன விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் சதவீதம் போடும். 40 லட்சம் வீட்டை 28 லட்சம் என்று எழுதினால் 80 சதவீதக் கணக்கில் கடன் 22.4 லட்சம். 32 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் 9.6 லட்சம் போச்சு. பதிவுச் செலவில் மிச்சமானது 1.2 லட்சம்.

அதோடு, அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 28 லட்சம் என்றுதான் கணக்கு, லாப வரி கூடும். கிரயத் தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியை நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

10. ரிப்போ குறைஞ்சுதுன்னு டிவியில சொன்னாங்க. என் வட்டி ஏன் இறங்கல?

உங்கள் கடன் எதனுடன் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலுடன் இணைந்தவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். ரிப்போ 2025 தொடக்கத்தில் 6.50இல் இருந்து, டிசம்பரில் 5.25க்கு வந்தது. ரிப்போ இணைப்பு உள்ளவர்களுக்கு ஏறக்குறைய அந்த 1.25 இறங்கியிருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய எம்.சி.எல்.ஆர். (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே போடும் அடிப்படை வட்டி) கடன் என்றால் ஆறு மாதம், ஓராண்டு என்று காத்திருக்க வேண்டும், இறக்கமும் முழுசாக வராது. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்த இணைப்பு கட்டாயமில்லை, அவர்களுடைய சொந்த அடிப்படை வட்டிதான். இன்னொன்று: வட்டி இறங்கினாலும் தவணைத் தொகையை அப்படியே வைத்துக் காலத்தைத்தான் குறைப்பார்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் அதே தொகையைப் பார்த்துவிட்டு இறங்கவில்லை என்று முடிவு கட்டாமல், கடன் ஸ்டேட்மென்டில் முடியும் தேதியைப் பாருங்கள்.

11. வேற பேங்க் ஒரு சதவீதம் கம்மியா தர்றேன்னு கூப்பிடுது. மாத்திடலாமா?

மாற்றும் முன் உங்கள் வங்கிக்கே எழுத்தில் கேளுங்கள். சிறு மாற்றுக் கட்டணம் கட்டினால் புதிய வாடிக்கையாளருக்குத் தரும் வட்டியை உங்களுக்கும் தரக்கூடும். பத்திரம் நகர வேண்டாம், அலைச்சல் இல்லை. அவர்கள் மறுத்தால் அடுத்த கணக்கு.

பாக்கி 24 லட்சம், மீதி 14 ஆண்டு, வட்டி 9.4 என்றால் தவணை 25,739. அதே 14 ஆண்டுக்கு 8.2இல் 24,065. மாதம் 1,674 மிச்சம், மொத்தம் 2.81 லட்சம். செலவு? தமிழ்நாட்டு வீடு என்றால் பத்திரத்தை அடமானமாகப் புதிய வங்கியிடம் வைக்கும் ஒப்படைப்புக்கு 0.5 சதவீத முத்திரையாக 12,000, பதிவுக் கட்டணம், ப்ராசசிங் கட்டணமும் அதன் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், வக்கீல், மதிப்பீடு, பழைய அடமானத்தை ரத்து செய்யும் ரசீதுப் பதிவு எல்லாம் சேர்ந்து 35,000 முதல் 40,000 ஆகும். ஏறக்குறைய இரண்டு ஆண்டில் செலவு திரும்பிவிடும், மாற்றலாம். கேரளத்தில் ஒப்படைப்புக் கட்டணம் வேறு, கிளையில் கேட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

ஏமாறுகிற இடம் இனிமேல்தான். புதிய வங்கி "தவணை 20,374தான்" என்று காட்டும். பார்க்க அழகாக இருக்கும். அது 20 ஆண்டுக்குப் போட்ட தவணை. மொத்தம் கட்டுவது 48.90 லட்சம். பழைய வங்கியிலேயே 9.4இல் இருந்திருந்தால் 43.24 லட்சம். வட்டியைக் குறைத்து 5.66 லட்சம் அதிகம் கட்டுகிற வித்தை இது. மீதி மாதங்கள் எத்தனையோ அத்தனைக்கே புதிய கடனையும் போடச் சொல்லுங்கள். மீதி ஐந்தாறு ஆண்டுதான் என்றால் பெரும்பாலும் மாற்றாமலே விடலாம், வட்டியின் பெரும்பகுதியை ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள்.

12. மாத்தறப்போ என்னென்ன நடக்கும்? பத்திரம் நடுவுல யார் கையில இருக்கும்?

பழைய வங்கியில் மூன்று தாள் கேளுங்கள்: முடிப்புத் தொகைக் கணக்கு, அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல், 12 மாதக் கடன் ஸ்டேட்மென்ட். புதிய வங்கி அந்தப் பட்டியலின் நகலை வைத்து வக்கீல் கருத்தும் மதிப்பீடும் வாங்கி சாங்ஷன் தரும். காசோலை உங்கள் பெயரில் வராது, பழைய வங்கியின் பெயரில், உங்கள் கடன் எண் குறிப்பிட்டு வரும். அதைக் கட்டியபின் பழைய வங்கி பத்திரங்களை விடுவிக்கும், பெரும்பாலும் புதிய வங்கியின் ஆள் கூடவே வந்து வாங்கிக்கொள்வார். பிறகு ரத்து ரசீது, புதிய ஒப்படைப்பு, மத்திய அடமானப் பதிவேடான செர்சாயில் பழையது நீங்கிப் புதியது ஏறுவது.

தடுமாறும் இடம் ஒன்று. முடிப்புத் தொகைக் கணக்கில் ஒரு தேதி இருக்கும். 24 லட்சத்துக்கு 9.4இல் ஒரு நாள் வட்டி 618 ரூபாய். காசோலை மூன்று நாள் தாமதமானால் 1,854 ரூபாய் குறையும். அந்தக் குறைவுக்காகக் கணக்கு முடியாமல் நிற்கும், பத்திரம் வெளியே வராது. புதிய வங்கியோ பத்திரம் கைக்கு வரும்வரை கூடுதல் வட்டி போடும் வழக்கம் சிலவற்றில் உண்டு. முடிப்புத் தேதிக்கு ஒரு வாரம் தள்ளிய தொகைக்கே காசோலை வாங்குங்கள், மிஞ்சுவது திரும்பி வந்துவிடும். முடிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை பழைய தவணையை நிறுத்தாதீர்கள்.

கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் காப்பீடு எடுத்திருந்தால் அதை சரண்டர் செய்யலாமா, தொடரலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பலர் மறந்து விடும் பணம் அது.

13. முன்கூட்டியே அடைச்சா பழைய பேங்க் அபராதம் போடாதா?

தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்குப் போடக்கூடாது, பணம் வேறு வங்கியிலிருந்து வந்தாலும் சரி. நிலையான வட்டிக் கடனுக்குப் போடலாம். முதல் சில ஆண்டு நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்ற கலப்புக் கடன் என்றால், அடைக்கும் நாளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

14. கடன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் பத்திரம் கைக்கு வரல.

முழுக் கடனும் அடைந்து 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. முடிப்புக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கேரளத்தில் கூட்டுறவு வங்கிக் கடன் இருந்த வீடு என்றால் கெஹான் என்ற அடமானப் பதிவு வில்லங்கத்தில் நிற்கும். கடன் அடைந்தாலும் அதை விடுவிக்கும் பதிவு தனியாக நடக்க வேண்டும். வாங்குபவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

15. இருக்கிற வீட்டு மேல டாப்-அப் வாங்கி அடுத்த வீட்டுக்கு முன்பணம் போடலாமா?

டாப்-அப் என்பது இருக்கும் வீட்டுக் கடனின் மேல் வாங்கும் கூடுதல் கடன். போடலாம், எதற்கு என்று விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லி. வீட்டுக் கடனை விட வட்டி கொஞ்சம் கூடும், சொத்து அடமானக் கடனை விடக் குறைவு. பழைய கடனும் டாப்-அப்பும் சேர்ந்து 2ஆவது பதிலில் உள்ள வரம்பைத் தாண்டக்கூடாது. வரிக்காக, டாப்-அப் பணம் கணக்கில் விழுந்து நேராக விற்பவருக்கே போன தடம் இருக்கட்டும். நடுவில் கல்யாணச் செலவோடு கலந்துவிட்டால் அந்த வட்டியைப் புதிய வீட்டின் கணக்கில் காட்ட முடியாது.

எங்கள் கருத்து: முதல் வீட்டின் வாடகை அதன் தவணையில் பாதியைக்கூடத் தொடாதபோது டாப்-அப் வேண்டாம். இரண்டு வீடும் ஒரே சம்பளத்தில் தொங்கும்.

16. வாடகை வீட்டுக்கு வட்டி முழுசுக்கும் வரிச் சலுகைன்னு சொன்னாங்களே?

பாதி உண்மை. 3ஆவது பதிலில் உள்ள வீட்டையே எடுப்போம். ஆண்டு வாடகை 1,44,000, கட்டிய வீட்டு வரி 4,000 கழித்தால் 1,40,000. அதில் 30 சதவீதம், 42,000, பராமரிப்புக்கு என்று கேள்வியில்லாமல் கழியும். மீதி 98,000. முதல் ஆண்டு வட்டி சுமார் 2,69,500. ஆக 1,71,500 நஷ்டம்.

வருமான வரியின் பழைய முறையில் இருப்பவர் இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், ஆண்டுக்கு 2 லட்சம் வரை. மிஞ்சியதை எட்டு ஆண்டு வரை வீட்டு வருமானத்தில் மட்டும் ஈடுகட்டலாம். புதிய முறையில் வாடகை பூஜ்யமாகும் அளவுக்குத்தான் வட்டி உதவும், நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. இப்போது எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் நீங்கள் புதிய முறையில்தான். வரி மிச்சத்தை நம்பி வீடு வாங்கும் பழைய கணக்கு இதனால் பலருக்கு உடைந்துவிட்டது.

பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடனின் வட்டியும் செல்லும். வங்கி மாற்றினால் சலுகை போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

17. வீட்டுக்காரி பேரையும் சேர்க்கணுமா?

அவருக்கும் வருமானம் இருந்தால் சேருங்கள், தகுதி கூடும். ஆனால் கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாவிட்டால் வரிச் சலுகை அவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

18. அண்ணன் துபாய்ல இருக்கார். அவர் பேர்ல வாங்கி நாங்க வாடகைக்கு விட்டுப் பாத்துக்கலாமா?

வாங்கலாம், வீடு மட்டும். விவசாய நிலத்தை வெளிநாடு வாழ் இந்தியர் (என்.ஆர்.ஐ.) விலைக்கு வாங்க முடியாது. 7ஆவது பதிலில் சொன்ன "நிலம்" சிக்கல் இங்கே இரட்டைச் சிக்கல். பவர் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டு, இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். கடன் வாங்க, அடமானம் வைக்க, வாடகைக்கு விட என்று ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியே எழுதுங்கள், "எல்லா வேலைக்கும்" என்ற வரியை வங்கி ஏற்காது. தவணை அவருடைய என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பாத்தியம்) அல்லது என்.ஆர்.ஓ. (இந்திய வருமானம்) வங்கிக் கணக்கிலிருந்து போகலாம், வாடகை என்.ஆர்.ஓ.வுக்கு வரட்டும். என்.ஆர்.ஐ.க்கு வாடகை கொடுப்பவர், தொகை சின்னதானாலும், 31.2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். குடிவருபவர் பலருக்கு இது தெரியாது, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

19. ஆள் காலி பண்ணி நாலு மாசம் ஆச்சு, தவணை நிக்குது. வீட்டை எடுத்துக்குவாங்களா?

தவணை 90 நாள் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு சுவாதீனம். வீடு காலியாக இருந்தது என்பது வங்கிக்குக் காரணமே இல்லை. இரண்டாவது தவணை நிற்கும் முன்பே கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டச் சொல்லிக் கேளுங்கள். வாராக்கடன் ஆனபின் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், வேறு வங்கியும் 11ஆவது பதிலில் சொன்ன மாற்றத்துக்கு வராது. 12 மாத ஸ்டேட்மென்டில் ஒரு பவுன்ஸ் இருந்தாலே யோசிப்பார்கள்.

கல்லூரிப் பக்கத்து வீடுகள் கோடை விடுமுறையில் காலியாவது ஆண்டுதோறும் நடப்பது. ஆறு தவணைக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டு வீட்டில் இறங்குங்கள்.

20. சீட்டு எடுத்ததுல மூணு லட்சம் வந்திருக்கு. கடன்ல கட்டினா தவணையைக் குறைக்கறதா, காலத்தைக் குறைக்கறதா?

11ஆவது பதிலில் வட்டி குறைந்தபின் உள்ள கடன்: 24 லட்சம், 8.2 சதவீதம், 168 மாதம், தவணை 24,065. மூன்று லட்சம் கட்டித் தவணையை அப்படியே வைத்தால் 134 மாதத்தில் முடியும், போட்ட மூன்று லட்சம் போக ஏறக்குறைய 5.4 லட்சம் மிச்சம். தவணையைக் குறைத்தால் 21,057 ஆகும், மாதம் 3,008 கையில் நிற்கும், மொத்த மிச்சம் 2 லட்சம் சொச்சம்.

கணக்குக்குக் காலத்தைக் குறைப்பதே லாபம். ஆனால் வாடகை போக மீதியைச் சம்பளத்திலிருந்து போட்டு மாதக் கடைசியில் திணறுகிறவர் தவணையைக் குறைப்பதே சரி, மிஞ்சுவதை ஆறு மாதச் சேமிப்பில் சேர்க்கலாம். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள். சும்மா கணக்கில் கட்டினால் பெரும்பாலான வங்கிகளில் கணினி தானாகக் காலத்தைத்தான் குறைக்கும், சில இடங்களில் முன்பணமாக நிறுத்திவைத்துவிடும். கட்டிய அடுத்த மாதமே திருத்திய தவணை அட்டவணையை வாங்கி, பாக்கித் தொகையில் மூன்று லட்சம் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.